பையில இடமில்ல அக்கா! ஸ்கைரிம் சரக்கு கேள்வி பதில்

போன இதழ்ல "ஸ்கைரிம்ல எதைப் பொறுக்குறது எதை விடுறதுனு குழப்பமா இருந்தா எழுதுங்க"னு சும்மா ஒரு வரி போட்டேன், வந்து குவிஞ்சிருக்கு. 2011 நவம்பர்ல வந்த கேம், இன்னும் ஆளுங்க அதுக்குள்ள பட்டாம்பூச்சி புடிச்சிட்டு இருக்காங்க. ஒரே மாதிரி கேள்விகளை ஒண்ணாக்கிட்டேன். சில பதில்ல கதை வெளிய வந்துடும், இன்னும் முடிக்காதவங்க அந்தக் கேள்வியைத் தாண்டிப் போயிடுங்க, அப்புறம் என்னைத் திட்டக் கூடாது.

மூட்டைதூக்கி, திருச்சி: அக்கா, ஒரு குகைக்குள்ள போனா உள்ள இருக்குற கரண்டி வரைக்கும் எடுத்துட்டு தான் வெளிய வருவேன். லெவல் 14 தான் ஆகுது, ஆனா எப்பவும் ஓட முடியல, ஊர்ந்து ஊர்ந்து வீட்டுக்கு வர்றதுக்குள்ள விடிஞ்சிடுது. எதைத் தூக்கிப் போடறது?

மொதல்ல கரண்டியை கீழ போடு தம்பி.

ஆரம்பத்துல உன்னால 300 எடை தான் தூக்க முடியும், லெவல் ஏறும்போது ஸ்டாமினாவை (உடம்புத் தெம்பு) எடுத்தா ஒவ்வொரு தடவையும் 5 கூடும், அதைத் தாண்டினா ஓடவும் முடியாது ஃபாஸ்ட் டிராவலும் (மேப்ல இடத்தைத் தொட்டு நேரா அங்க போறது) கிடையாது. அதனால ஒரு பொருளைப் பார்த்தா அதோட விலையை மட்டும் பார்க்காத, பக்கத்துல எடைன்னு ஒரு நம்பர் இருக்கு பாரு, அதையும் பாரு. எடையை விட பத்து மடங்காவது விலை இல்லாத சாமானை நான் குனிஞ்சு கூட எடுக்க மாட்டேன்.

உன் பையில கண்டிப்பா ட்வெமர்ங்கற அழிஞ்சு போன இனத்தோட பழைய இரும்பு கிடக்கும், எல்லார் பையிலயும் அது தான் கிடக்குது. அதுல ஒரு விஷயம். பல் சக்கரம் மாதிரி இருக்குற காக், கியர் இதெல்லாம் உருக்கவே முடியாது, எந்த உலையில போட்டாலும் லிஸ்ட்ல வராது, பார்க்க பெருசா பளபளன்னு இருக்கறதால எல்லாரும் அதைத் தான் தூக்கிட்டு வருவாங்க. சாலிட் ட்வெமர் மெட்டல்னு ஒரு பெரிய துண்டு இருக்கும், அது உருகும், 5 இங்காட் (உலோகக் கட்டி) கிடைக்கும், ஆனா அதோட எடையே 25. அதே இடத்துல வளைஞ்சு நெளிஞ்சு ஒண்ணுக்கும் உதவாத தகடு மாதிரி பென்ட் ஸ்க்ராப் கிடக்கும் பாரு, எடை வெறும் 2, ஆனா 3 இங்காட் தரும். பிளேட் மெட்டல்னு பேர் போட்டிருக்குற தகடுங்களும் அதே கணக்கு தான். அந்த சின்ன துண்டுகளை மட்டும் பொறுக்கு, மீதியை காயலான் கடைக்காரன் வந்தாலும் வாங்க மாட்டான்னு நினைச்சு விட்டுட்டு வா.

அடுத்தது டிராகன் எலும்பு. ஒரு எலும்பு 15 எடை, ஒரு செதில் 10. ஸ்மித்திங் (கொல்லர் திறமை) 100 வந்தா தான் அதுல கவசம் செய்ய முடியும், நீ லெவல் 14ல அதை முதுகுல சுமந்துட்டு ஊர் ஊரா சுத்தறது எதுக்கு? வைட்ரன் ஊர்ல பிரீஸ்ஹோம் வீடு 5,000 கோல்டு, அதை வாங்கி உள்ள இருக்குற பெட்டியில போட்டுடு. தெருவுல இருக்குற பீப்பாயில மட்டும் போட்டுடாத, சும்மா கிடக்குற பீப்பாய், மூட்டை எல்லாம் கொஞ்ச நாள் கழிச்சு தானா ரீசெட் ஆயிடும், உள்ள வெச்சது போச்சு.

இன்னும் ரெண்டு வழி இருக்கு. சாலிட்யூடுக்கு வடமேற்கே ஸ்டீட் ஸ்டோன்னு ஒரு நிக்கிற கல்லு, அதைத் தொட்டா கூடவே 100 தூக்கலாம். அப்புறம் குதிரை. வைட்ரன் லாயத்துல 1,000 கோல்டு. பை நிரம்பி வழிஞ்சாலும் குதிரை மேல உக்காந்துட்டா ஃபாஸ்ட் டிராவல் பண்ணலாம், இது ஏன் இப்படினு கேக்காத, குதிரைக்கு கணக்கு தெரியாது போல.

ஏழை டிராகன்பார்ன், சேலம்: வீடு வாங்க காசே சேரல. கத்தி கவசம் வித்து சம்பாதிக்கறது தான் வழியா?

கத்தி கவசத்தை விக்கறது கூலி வேலை பிரதர், முதுகு தான் உடையும். காசு இருக்கறது மருந்துல.

வைட்ரனைச் சுத்தி வயல்ல கோதுமை நிக்குது, ரோட்டோரம் பூரா நீலக்கலர்ல மவுன்டன் ஃப்ளவர் பூத்துக் கிடக்குது, ரெண்டையும் யாரும் மதிக்க மாட்டாங்க. ரெண்டையும் சேர்த்து அரைச்சா ரெஸ்டோர் ஹெல்த் (குறைஞ்ச உயிரை ஏத்தறது), ஃபோர்ட்டிஃபை ஹெல்த் (உயிர் அளவையே கூட்டறது) ரெண்டும் ஒரே பாட்டில்ல வரும். ஒரு மருந்துல எத்தனை குணம் சேருதோ அத்தனைக்கும் விலை கூடும், இது தான் கணக்கு. இந்த ஜோடி கூட மூணாவதா ஜயன்ட்ஸ் டோ, அதாவது அந்த ராட்சசன் கால் விரலைப் போட்டீங்கன்னா விலை எங்கயோ போயிடும். ஏன்னா மத்த பொருள்ல ஃபோர்ட்டிஃபை ஹெல்த் 60 நொடி தான் நிக்கும், அந்த விரல்ல 300 நொடி நிக்கும், கடைக்காரன் அதுக்கும் சேர்த்து காசு தர்றான்.

விரலுக்காக உடனே ராட்சசன் கிட்ட போய் நிக்காதீங்க. சின்ன லெவல்ல அவன் தடியால ஒரு போடு போட்டா நீங்க நேரா வானத்துக்கு போவீங்க, அந்தக் காட்சிக்காகவே ஒரு தடவை அடி வாங்கலாம்னா வாங்கிக்கங்க. ப்ளீக்விண்ட் பேசின்ங்கற ராட்சசன் கூடாரம் வைட்ரனுக்கு பக்கத்துல தான், அவன் ஏற முடியாத பாறையா பார்த்து மேல நின்னு அம்பு விடுங்க, பொறுமையா.

விரல் கிடைக்கலையா, பரவால்ல. க்ரீப் க்ளஸ்டர், மோரா டாபினெல்லா, ஸ்கேலி ஃபோலியோட்டா. பேரு வாயில நுழையாது ஆனா மூணும் சேர்ந்தா அஞ்சு குணம் ஒரே மருந்துல வரும், அதை விட முக்கியம் மூணையும் ஹார்த்ஃபயர் (வீடு கட்டற கூடுதல் பேக்) வீட்டுத் தோட்டத்துல நடலாம். க்ரீப் க்ளஸ்டர் ஈஸ்ட்மார்ச் பக்கம் வெந்நீர் ஊத்து இருக்குற நிலத்துல கொடி மாதிரி படர்ந்து கிடக்கும். ஒரு தடவை கொண்டு வந்து நட்டுட்டா அதுக்கப்புறம் நீங்க விவசாயி.

ஒரே சிக்கல், கடைக்காரங்க கிட்ட கையில காசு கம்மி. ஆர்கேடியா மாதிரி மருந்துக்கடை வெச்சிருக்கறவங்க கிட்ட 500 கோல்டு பக்கம் தான் இருக்கும், கேம் நேரத்துல 48 மணி நேரம் ஆனா தான் திரும்ப ரொம்பும். அதனால ஊர் ஊரா போய் கொஞ்சம் கொஞ்சமா வித்துட்டே வாங்க.

பேரனுக்குத் துணை, மயிலாடுதுறை: நான் பணி ஓய்வு பெற்றவன் அம்மா. பேரன் விளையாடும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன். அவன் எதைப் பறித்தாலும் உடனே வாயில் போட்டுக்கொள்கிறான், பூச்சி, காளான், எலி வால் எல்லாம். இது சரியா?

சரி தான் சார், அவன் புத்திசாலி. அந்த உலகத்துல ஒவ்வொரு மருந்துச் சரக்குக்கும் நாலு குணம் உண்டு, ஆனா நாலும் மறைஞ்சிருக்கும், வாயில போட்டா மொதல் குணம் மட்டும் தெரிஞ்சுக்கும். எக்ஸ்பெரிமென்டர்னு ஒரு பெர்க் (கூடுதல் திறமை), அதைப் படிப்படியா எடுத்தா ரெண்டாவது, மூணாவது, நாலாவதும் தெரியும். இல்லைன்னா ரெண்டு சரக்கை சேர்த்துப் பார்க்கணும், பொதுவான குணம் ஒண்ணு இருந்தா மருந்து ஆகும், இல்லைன்னா சரக்கு வீண். நம்ம ஆளுங்க எத்தனை தலைமுறை இப்படித் தானே நாக்குல வெச்சுப் பார்த்து மூலிகை கண்டுபிடிச்சிருப்பாங்க.

விஷம்னாலும் பயப்பட வேணாம், ஒரு கடி கடிச்சா கொஞ்சம் உயிர் குறையும் அவ்ளோ தான். ஒண்ணே ஒண்ணு மட்டும் பேரன் கிட்ட சொல்லி வைங்க, டார்க் பிரதர்ஹுட்ங்கற கொலைகாரக் கூட்டத்து கதையில ஜாரின் ரூட்டுனு ஒரு வேர் கையில தருவாங்க, அதை மட்டும் ருசி பார்க்க வேணாம், ஆளே காலி ஆயிடுவான்.

அவன் கூட நீங்களும் ஒரு சேர்க்கை செஞ்சு பாருங்க. ஹியால்மார்ச் சதுப்பு நிலத்துல கேனிஸ் ரூட்டுனு முறுக்கிக்கிட்டு நிக்கிற வேர், குகைக்குள்ள ஈரத்துல முளைக்கிற இம்ப் ஸ்டூல்னு ஒரு காளான். ரெண்டையும் சேர்த்தா பாராலிசிஸ். கத்தியில தடவி ஒரு அடி, எதிர்ல நிக்கிறவன் அப்படியே விறைச்சு கட்டை மாதிரி சாய்வான். ஒரு தடவை தடவினா ஒரு அடிக்குத் தான் வரும், கான்சென்ட்ரேட்டட் பாய்சன் பெர்க் இருந்தா ரெண்டு அடிக்கு.

ரத்தினக்கல் பைத்தியம், ஈரோடு: அன்யூஷுவல் ஜெம்னு ஒண்ணு எடுத்தேன், இப்போ பையை விட்டே போக மாட்டேங்குது. விக்கவும் முடியல கீழ போடவும் முடியல. என்ன சாபம் இது?

சாபம் தான் தங்கச்சி, பேரு ஸ்டோன்ஸ் ஆஃப் பரென்சையா. மொத்தம் 24 கல்லு, ஸ்கைரிம் பூரா சிதறிக் கிடக்குது, 24ம் சேர்ற வரைக்கும் கையில இருக்குறது இறங்காது. பரென்சையாங்கறது மோரோவின்ட் ராணி, அவங்க கிரீடத்துல இருந்து பேத்தெடுத்த கல்லுங்க.

ரிஃப்டன்ல தீவ்ஸ் கில்டுல (திருடங்க சங்கம்) வெக்ஸ்னு ஒருத்தி இருக்கா, அவ கிட்ட காட்டினா தான் விஷயமே தெரியும், கில்டுல சேர்ந்தா தான் அவ வேலையை மேல கொண்டு போவா. எங்கெங்க இருக்குனு மேப்ல ஒரு அம்புக்குறி கூட கேம் காட்டாது, இது தான் கொடுமை. வைட்ரன்லயே மூணு: டிராகன்ஸ்ரீச்ல யார்ல் (ஊர்த் தலைவர்) ரூம், யோர்வாஸ்கர்ல கோட்லாக் ரூம், ஹால் ஆஃப் தி டெட். சாலிட்யூட்ல ப்ளூ பேலஸ்ல ஒண்ணு, ப்ரவுட்ஸ்பயர் மேனர்ல ஒண்ணு, அந்த மேனர் விலை 25,000 கோல்டு, கல்லுக்காக வீடே வாங்கினவங்க இருக்காங்க. வின்டர்ஹோல்ட் காலேஜ்ல ஆர்ச்மேஜ் ரூம். வின்ட்ஹெல்ம்ல அரண்மனையிலயும் ஷேட்டர் ஷீல்டு குடும்பத்து வீட்லயும். அப்புறம் டார்க் பிரதர்ஹுட் குகையில ஆஸ்ட்ரிட் ரூம், அந்தக் கதை ஒரு கட்டத்துக்கு மேல போனா இடமே வேற மாதிரி ஆயிடும், அதனால உள்ள போன முதல் நாளே எடுத்துடு. தால்மோர் (எல்ஃப் ஆட்சிக் கூட்டம்) எம்பசி கல்லும் அப்படித் தான், விருந்துக்கு போறப்பவே தூக்கிட்டு வந்துடு, இல்லைன்னா அப்புறம் ரீக்கிங் கேவ் பக்கமா அலையணும். மீதியெல்லாம் மத்த ஊர், குகை, கொள்ளைக்காரன் இடம்னு சிதறிக் கிடக்குது.

24 சேர்ந்ததும் டோல்வால்ட்ஸ் கேவ்ல போய் கிரீடத்தையும் எடுத்துக் கொடுத்தா ப்ரௌலர்ஸ் ப்ராஃபிட்னு ஒரு சக்தி கிடைக்கும், அதுக்கப்புறம் திறக்குற பெட்டியில எல்லாம் ரத்தினம் ரத்தினமா கொட்டும். கேக்க நல்லா இருக்கு. ஆனா யோசிச்சுப் பாரு, 24 கல்லும் தேடி முடிக்கிறதுக்குள்ள நீ பாதி ஸ்கைரிம்மை சுத்தி முடிச்சிருப்ப, கையில காசுக்கு குறைவே இருக்காது, அப்போ வந்து ரத்தினம் கொட்டி என்ன செய்ய? அதனால ஒண்ணு ஆரம்பத்துலயே லிஸ்ட் வெச்சுக்கிட்டு இதை மட்டும் முடி, இல்லைன்னா மொத கல்லையே தொடாத. நடுவுல மாட்டிக்கிட்டவங்க தான் எனக்கு அழுது எழுதறாங்க.

சந்தேகப்பிராணி, கோவை: கடைக்காரர் தலையில வாளியைக் கவுத்தா அவருக்கு கண்ணு தெரியாது, அப்புறம் திருடலாம்னு என் ஃப்ரெண்ட் சொல்றான். கதை தானே?

நிஜம். அவர் வாளியோடவே நின்னு வியாபாரம் பேசுவார்.

காதுல ரீங்காரம், யாழ்ப்பாணம்: ஆத்தோரம் நடக்கேக்க ஒரு சத்தம் கேக்குது, ஒரு செடி மினுங்குது, நிர்ன்ரூட் எண்டு பேர். இதால என்ன பிரயோசனம் அக்கா?

எனக்கு ஸ்கைரிம்ல ரொம்பப் புடிச்ச சரக்கே அது தான். ராத்திரி நேரம், கேம்ல மழை பெய்யுது, வேற சத்தம் எதுவும் இல்ல, திடீர்னு கண்ணாடி டம்ளர் விளிம்புல விரலை ஓட்டற மாதிரி ஒரு ரீங்காரம் வரும், சத்தம் எந்தப் பக்கம் கூடுதோ அந்தப் பக்கம் போகணும், நீலப்பச்சையா ஒளி விட்டுக்கிட்டு தண்ணி ஓரத்துல நிக்கும். புடுங்கின உடனே சத்தம் நின்னுடும். குணம்னு பார்த்தா ஹெல்த் குறைக்கும், ஸ்டாமினா குறைக்கும், ஆனா இன்விசிபிலிட்டியும் இருக்கு, லூனா மாத் இறகு, சோரஸ் முட்டை மாதிரி இன்னொண்ணோட சேர்த்தா மறைஞ்சு நடக்கலாம். ரிஃப்டன்ல இங்கன் ப்ளாக் ப்ரயருக்கு 20 நிர்ன்ரூட் வேணும், கூடவே டெத்பெல் 20, நைட்ஷேட் 20, அதனால கண்டதையெல்லாம் காய்ச்சிடாதீங்க.

நிஜமான கதை பாதாளத்துல இருக்கு. ஆல்ஃப்டாண்ட், ரால்ட்பதார், ம்ஸின்சலெஃப்ட் இந்த மூணு ட்வெமர் இடிபாடு வழியா இறங்கினா ப்ளாக்ரீச், கதவு திறக்க செப்டிமஸ் சிக்னஸ் தர்ற ஒரு உருண்டை வேணும். உள்ள ஒரு சின்ன வீடு, அதுல ஒரு எலும்புக்கூடு, பக்கத்துல டைரி. அது சிண்டேரியன், அங்க முளைக்கிற சிவப்பு நிர்ன்ரூட்டை ஆராய்ச்சி பண்ண அங்கயே தங்கி அங்கயே செத்துப் போன ஆள். அந்த சிவப்பு ரகம் ப்ளாக்ரீச்சைத் தவிர வேற எங்கயும் வளராது. 30 பறிச்சிட்டு ரிஃப்டன் பக்கத்துல இருக்குற சரேத்தி பண்ணையில அவ்ருசா கிட்ட கொடுத்தா, மருந்து காய்ச்சும்போது நாலுல ஒரு தடவை ஒண்ணுக்கு ரெண்டா பாட்டில் வரும். மேப்ல குறி இல்லாம, காதை மட்டும் நம்பித் தேடறது தான் இதுல சுகம், அதனால ஹெட்ஃபோன் போட்டுக்கங்க, டிவி ஸ்பீக்கர்ல விளையாடினா பாதி செடி தவறிடும். இறங்கினதுக்கு அங்க இருக்குற ஜியோட் பாறைகளையும் பிக்காக்ஸால தட்டிட்டு வாங்க, உள்ளேருந்து சோல் ஜெம் (ஆத்மாவை அடைக்கிற கல்லு) வரும். மேல தொங்குற அந்த பெரிய மஞ்சள் உருண்டையை நோக்கி அன்ரிலென்டிங் ஃபோர்ஸ்ங்கற மந்திரச் சத்தத்தைக் கத்திப் பாருங்க. என்ன ஆகும்னு சொல்ல மாட்டேன், சேவ் பண்ணிட்டு கத்துங்க.

இதயமில்லாதவன், மதுரை: டேட்ரிக் கவசம் செய்ய ஸ்மித்திங் 90 வரைக்கும் ஏத்திட்டேன். எபனி உலோகமும் இருக்கு. டேட்ரா (பேய் இனம்) ஹார்ட் மட்டும் கிடைக்கவே மாட்டேங்குது.

பேரே சூப்பர். தலை, மார்பு, கை, கால் ஒவ்வொரு உருப்படிக்கும் ஒரு ஹார்ட் வேணும். வின்டர்ஹோல்ட் காலேஜ்ல என்தீர்னு ஒரு எல்ஃப் கள்ளச் சரக்கு விப்பான், அவன் கிட்ட அப்பப்போ வந்து பாருங்க. நிரந்தர வழின்னா லெவல் 20க்கு மேல டான்ஸ்டார்ல சைலஸ் ம்யூசியத்துல ஆரம்பிக்குற வேலை, அதோட கடைசியில மெஹ்ரூன்ஸ் டேகன் கோயில். அங்க எப்படி முடிவெடுத்தாலும் டிரெமோராங்கற டேட்ரா வீரங்க கிளம்பி வருவாங்க, அடிச்சா ஹார்ட். கோயிலுக்குள்ள இருக்கறவங்க கொஞ்ச நாள் விட்டுப் போனா திரும்ப நிப்பாங்க, அது தான் உங்க பண்ணை. காலேஜுக்கு அடியில மிடன்ல அட்ரோனாக் ஃபோர்ஜ்னு ஒண்ணு இருக்கு, பெட்டியில சரக்கைப் போட்டு லீவரை இழுத்தா பூதமோ பொருளோ வரும், சிகில் ஸ்டோன் வெச்சா டேட்ரிக் சாமானும் வரும், ஆனா அதுக்கும் டேட்ரா ஹார்ட்டே தான் கேக்கும், கூட டைனமோ கோர் வேற.

ஹார்ட்டை மருந்துல மட்டும் போடாதீங்க. அதோட மொதல் குணம் ரெஸ்டோர் ஹெல்த், அதை வயல்ல நிக்கிற கோதுமையே செஞ்சுடும்.

ஒரு உண்மையும் சொல்லிடறேன், கோவிச்சுக்காதீங்க. நாலு உருப்படியும் போட்டுக்கிட்டு ஆர்மர் ரேட்டிங் 567 வந்துட்டா அதோட எல்லை முடிஞ்சது, அடியில 80 சதவீதம் குறையும், அதுக்கு மேல எத்தனை போட்டாலும் ஒண்ணும் ஆகாது. ஸ்மித்திங் 90 இருக்குற நீங்க, ப்ளிஸ்டர்வோர்ட்டும் க்ளோயிங் மஷ்ரூமும் சேர்த்து ஃபோர்ட்டிஃபை ஸ்மித்திங் மருந்து குடிச்சிட்டு எபனியையே நல்லா தீட்டினா அந்த எல்லையைத் தொட்டுடலாம். டேட்ரிக் அழகுக்கு. அந்த முள்ளும் சிவப்பும் வேணும்னா போய் ஹார்ட் புடுங்குங்க, நான் தடுக்கல.

பட்டறைக்காரன், சிவகாசி: ஸ்மித்திங் ஏத்த இரும்புக் கத்தி அடிச்சுக்கிட்டே இருக்கேன். இன்னும் அது தான் பெஸ்ட்டா?

அது பழைய கதை. ஆரம்பத்துல எதைச் செஞ்சாலும் ஒரே அளவு தான் ஏறும், அதனால எல்லாரும் ஒரு இங்காட், ஒரு தோல் வார் போட்டு கத்தியா அடிச்சுத் தள்ளினாங்க, அப்புறம் வந்த பேட்ச்ல பொருளோட விலையைப் பொறுத்து ஏறற மாதிரி மாத்திட்டாங்க. இப்போ மோதிரம் தான். வைட்ரனுக்கு வடக்க ஹால்டட் ஸ்ட்ரீம் கேம்ப்ல கொள்ளைக்காரங்களை விரட்டிட்டு உள்ள போனா ட்ரான்ஸ்ம்யூட்னு ஒரு மந்திரப் புக்கு, அதே சுரங்கத்துல இரும்பும் வெட்டலாம். இரும்பு வெள்ளி ஆகும், வெள்ளி தங்கம் ஆகும். ரெண்டு தங்கக் கல்லு ஒரு இங்காட், ஒரு இங்காட்ல ரெண்டு மோதிரம். ஆல்டரேஷன் மந்திரத் திறமையும் கூடவே ஏறும். ட்வெமர் தகடு பொறுக்கற பழக்கம் இருந்தா ட்வார்வன் (ட்வெமர் உலோகம்) வில்லு அடிங்க, அதுவும் நல்லா ஏத்தும், இரும்பு இங்காட் ஒண்ணும் ட்வார்வன் ரெண்டும் போதும்.

பனிக்கட்டி, ஊட்டி: ஸோல்ஸ்தைம் தீவுல ஸ்டால்ரிம் (மந்திரப் பனிக்கட்டி) வெட்ட முடியல.

சாதா பிக்காக்ஸ் வேலைக்கு ஆகாது, ஏன்ஷியன்ட் நோர்டிக் பிக்காக்ஸ் வேணும். வெட்டினதை வெச்சு சாமான் செய்ய எபனி பெர்க்கும் எடுத்திருக்கணும், ஸ்கால் கிராமத்து கொல்லர் பால்டோரை தால்மோர்காரங்க கிட்ட இருந்து மீட்டாகணும். இவ்ளோவும் செஞ்சா, ஃப்ராஸ்ட் என்சான்ட்மென்ட் (குளிர் மந்திரம்) அதுல 25 சதவீதம் கூடுதலா ஏறும். நோர்டுங்களுக்கு (ஸ்கைரிம் மண்ணோட இனம்) குளிர் அடி பாதி தான் விழும்ங்கறதை ஞாபகம் வெச்சுக்கங்க, ஸ்கைரிம்ல பாதி பேர் நோர்டு.

ஆத்மா அலையுது, தஞ்சாவூர்: பெரிய க்ராண்ட் சோல் ஜெம்ல ஒரு நண்டோட ஆத்மா போய் உக்காந்துடுச்சு. வயிறு எரியுது.

எரியும் தான். சின்ன ஜெம் காலியா இல்லைன்னா சின்ன ஆத்மா பெரிய ஜெம்முக்குள்ள போய் சப்பணம் போட்டு உக்காந்துடும், கேம் தடுக்காது. அதனால பெட்டி (petty), லெஸ்ஸர்னு இருக்குற சின்ன ஜெம்மெல்லாம் கேவலம்னு விக்காம பையில ரெண்டு மூணு காலியா வெச்சிருங்க, சில்லறை ஆத்மா அதுல போகட்டும்.

நிம்மதி வேணும்னா அசூரா ஸ்டார்னு ஒரு சோல் ஜெம். எத்தனை தடவை வேணா நிரப்பலாம், தீராது. அந்தக் கதையில கடைசியா அசூராங்கற தேவதை கிட்ட கொடுக்கறதா, நெலகார்ங்கற மந்திரவாதி கிட்ட கொடுக்கறதானு ஒரு கேள்வி வரும். நெலகார் கிட்ட கொடுத்தா அது ப்ளாக் ஸ்டார் ஆகி மனுஷ ஆத்மாவும் புடிக்கும், கொள்ளைக்காரன் எதிர்ல வந்தாலே ஒரு க்ராண்ட் கணக்கு. பயன்னு பார்த்தா அது தான். அசூரா மனசு கஷ்டப்படும்னு பார்க்கறவங்க அந்தப் பக்கம் போகட்டும்.

கண்ணாடிக் குப்பி, மதுராந்தகம்: ஒயிட் ஃபியல்ங்கற குப்பியைத் தேடிப் போய் கொடுத்தா அந்தக் கிழவர் 5 கோல்டு கொடுக்கறார்! 5!

வின்ட்ஹெல்ம்ல நூரேலியன், மருந்துக்கடை எல்ஃப், உள்ள போகும்போதே இருமிட்டு இருப்பார். வாழ்நாள் பூரா அந்தக் குப்பியைத் தான் தேடினார், ஃபர்சேக்கன் கேவ்ல இருக்குனு கண்டுபுடிச்சார், ஆனா போக உடம்புல தெம்பில்ல. நீங்க கொண்டு வந்து கொடுத்தா விரிசல் விட்டிருக்கு. அந்த ஏமாத்தத்துல தான் 5 கோல்டை வீசறார், அவர் உதவியாள் குவின்டஸ் அப்புறம் உங்களைக் கூப்பிட்டு நியாயமா கொடுப்பான், வெளிய ஓடி வந்துடாதீங்க.

கொஞ்ச நாள் கழிச்சு திரும்பப் போங்க. குவின்டஸ் மூணு பொருள் கேப்பான்: த்ரோட் ஆஃப் தி வேர்ல்டு உச்சியில இருக்குற உருகாத பனி, பொடியா அரைச்ச மேமத் தந்தம், ஒரு ப்ரயர் ஹார்ட். அதை வெச்சு ஒட்டி, படுக்கையில கிடக்குறவர் கண்ணுல காட்டுவான். அவர் பார்த்துட்டு கண்ணை மூடுவார். குப்பி உங்களுக்கு, எந்த மருந்து வேணும்னு ஒரு தடவை சொல்லிட்டா குடிச்சு 24 மணி நேரத்துல தானா நிரம்பிக்கும். நீங்க அந்த நேரத்துக்குள்ள அதை விட நல்ல மருந்து நூறு காய்ச்சி வெச்சிருப்பீங்க, குப்பியால பைசா பிரயோஜனம் இல்ல. இருந்தாலும் இந்த வேலையை மட்டும் விடாம செய்யறவ நான்.

சமையல்காரி, நாகர்கோவில்: கேம்ல சமைக்கறதால ஏதாவது உண்டா அக்கா, சும்மா தானா?

முக்காவாசி சும்மா. ஆனா வெஜிடபிள் சூப்! முட்டைக்கோஸ், லீக், உருளைக்கிழங்கு, தக்காளி ஒவ்வொண்ணு, உப்பு கூட வேணாம். 720 நொடி வரைக்கும் நொடிக்கு ஒரு ஹெல்த் ஒரு ஸ்டாமினா ஏறிக்கிட்டே இருக்கும். ஒண்ணு என்ன பெரிய ஒண்ணுனு நினைப்பீங்க, பவர் அட்டாக் பண்ண ஸ்டாமினா முழுசா வேணாம், கொஞ்சம் இருந்தாலே போதும், அதனால சூப்பு குடிச்சிட்டு போனா ரெண்டு கை கோடாலியை 12 நிமிஷம் நிறுத்தாம சுத்தலாம். டிராகன் எலும்பு சுமக்கறவங்க யாரும் இதைச் செய்ய மாட்டாங்க.

குறுக்கு வழி, ஓசூர்: ஃபோர்ட்டிஃபை ரெஸ்டோரேஷன் மருந்து குடிச்சிட்டு ஆல்கெமி (மருந்து காய்ச்சற திறமை) மோதிரத்தைக் கழட்டி மாட்டினா அதோட சக்தி கூடுது, அதுல இன்னும் பெரிய மருந்து, அப்படியே லட்சக்கணக்குல போகுது. இது ஏமாத்து வேலையா?

ஆமா. ஒரு தடவை செஞ்சு பார்த்து சிரிச்சுட்டு, பழைய சேவ் ஃபைலை லோடு பண்ணிடுங்க, இல்லைன்னா அப்புறம் ஒரே அடியில எல்லாம் செத்து கேம் போரடிச்சுடும்.

பளு, புதுச்சேரி: எல்டர் ஸ்க்ரோல்ங்கற சுருள் 20 எடை அக்கா! மெயின் கதையில அதோட வேலை முடிஞ்சுது. என்ன செய்ய?

வின்டர்ஹோல்ட் காலேஜ் லைப்ரரியில உராக் க்ரோ ஷுப் கிட்ட பேசுங்க, 2,000 கோல்டு கொடுத்து வாங்கிக்குவார். டான்கார்ட்ங்கற கூடுதல் கதை பாக்கி இருக்குன்னா இப்போ விக்காதீங்க, அதுல திரும்பக் கேப்பாங்க.